கை மறக்கல, பாட்டுதான் மறந்துபோச்சு: ரொம்ப வருஷம் கழிச்சு மறுபடி டிஜேயிங்

பழையக்யூ

எல்லாருக்கும் வணக்கம். மிக்ஸரைத் தொட்டு பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒரு காலத்துல வாரக்கடைசி ஆனா ரெக்கார்டு பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்புவேன், அப்புறம் வேலை, குழந்தை, வீடு மாத்தறதுன்னு ஒவ்வொண்ணா வந்து டெக் (ரெக்கார்டு சுத்தற டர்ன்டேபிள்) ரெண்டும் அட்டைப்பெட்டிக்குள்ள போயிடுச்சு. இப்ப மறுபடி வெளிய எடுத்து வெச்சிருக்கேன். காசுக்காக இல்ல, எங்கயும் போய் ப்ளே பண்ணணும்னும் இல்ல. ராத்திரி எல்லாரும் படுத்தப்புறம் ஒரு மணி நேரம் எனக்குன்னு எதையாவது உருவாக்கணும்னு தோணுது, அதுக்கு இதைவிட எனக்குப் பிடிச்ச வேலை வேற எதுவும் இல்ல.

நான் எதிர்பார்க்காத விஷயம் என்னன்னா பீட்மேட்ச், அதாவது ரெண்டு பாட்டோட வேகத்தையும் பீட்டையும் ஒண்ணா பொருத்தறது, எங்கயும் போகல. ஆரம்பத்துல கொஞ்சம் தடுமாறுச்சு, அப்புறம் காது தானா பிடிச்சுக்கிச்சு. ரெண்டு பாட்டோட கிக் டிரம்மும் விலக ஆரம்பிக்கும்போது குதிரை ஓடுற மாதிரி ஒரு சத்தம் ஹெட்ஃபோன்ல வரும்ல, அது முழுசா வர்றதுக்குள்ள விரல் தட்டோட ஓரத்துக்குப் போயிடுது. ஆனா பாட்டு? பெட்டியில இருந்து ஒரு ரெக்கார்டு எடுக்குறேன், கவரைப் பார்த்தா பிடிச்ச பாட்டுன்னு தெரியுது, எந்த இடத்துல பேஸ் நிக்கும், எங்க குரல் வரும், அவுட்ரோ எவ்ளோ நீளம், ஒண்ணுமே ஞாபகம் இல்ல. முன்னாடி இதெல்லாம் யோசிக்காம தெரியும். இப்ப ரெண்டு பாட்டையும் அழகா சேர்த்து வெச்சுட்டு, அடுத்து என்ன நடக்கப் போகுதுன்னு தெரியாம நிக்கிறேன்.

இதே மாதிரி விட்டுட்டுத் திரும்பி வந்தவங்க இருந்தா எங்க இருந்து ஆரம்பிச்சீங்கன்னு சொல்லுங்க. லேப்டாப்போட சேர்த்து ஓட்டுற கன்ட்ரோலர் புதுசா வாங்கணுமா, பழைய டெக்கே போதுமா, வேகத்தை மெஷினே பொருத்துற சிங்க் பட்டனைத் தொடலாமா, பழைய ஃபைல் எல்லாத்தையும் என்ன பண்றது... எல்லாக் கேள்வியும் இருக்கு.

நாலுக்குநாலு

வாங்க நண்பா. நீங்க சொன்னதுதான் எனக்கும் நடந்தது, திரும்பி வர்ற பாதிப்பேருக்கு இதுதான் நடக்கும்னு நினைக்கிறேன். பீட்மேட்ச்ங்கறது சைக்கிள் ரகம், உடம்புல தங்கிடும். பாட்டு அப்படி இல்ல, பழக்கம் விட்டா போயிடும். அதனால எந்த மெஷின்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி எந்தப் பாட்டுன்னு யோசிங்க.

நான் பண்ணது இதுதான். பழைய ஹார்டு டிஸ்க்கை மொத்தமா சாஃப்ட்வேர்ல ஏத்தவே இல்ல. ஆயிரக்கணக்குல ஃபைல் ஸ்க்ரீன்ல வரிசையா நின்னா எதையும் தேர்ந்தெடுக்கத் தோணாது, மனசு சோர்ந்து மூடி வெச்சுடுவோம். முப்பது நாப்பது பாட்டு மட்டும் எடுத்து அதை மட்டும் வெச்சு ஒரு மாசம் ஓட்டுனேன். ஒவ்வொரு பாட்டையும் மிக்ஸ் பண்ணாம, ஸ்கிப் பண்ணாம, ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் பேனாவும் கையுமா உக்காந்து கேட்டேன். க்ளப் மியூசிக் பெரும்பாலும் நாலு பீட் ஒரு பார், எட்டு பார் ஒரு ஃப்ரேஸ், அதாவது 32 பீட். 124 பிபிஎம்ல (நிமிஷத்துக்கு 124 பீட்) அது சுமார் பதினஞ்சரை செகண்டு. இந்தப் பதினஞ்சரை செகண்டை எண்ணாமலே உணர முடிஞ்சா பாதி வேலை முடிஞ்சது. பேப்பர்ல எழுதுனது இவ்ளோதான்: இன்ட்ரோ எத்தனை ஃப்ரேஸ், பேஸ் எப்ப நுழையுது, குரல் எப்ப, ப்ரேக்டவுன் எங்க, அவுட்ரோல மெலடி இருக்கா இல்ல வெறும் டிரம்ஸா.

இது தெரிஞ்சுட்டா மிக்ஸ் தானா அமையும். போய்ட்டிருக்கிற பாட்டோட அவுட்ரோ ரெண்டு ஃப்ரேஸ், வரப்போற பாட்டுல பேஸ் ரெண்டு ஃப்ரேஸ் கழிச்சுதான் நுழையுதுன்னா, அவுட்ரோ தொடங்குற முதல் பீட்ல புதுப் பாட்டை விடுங்க, பழசு அடங்குற அதே நொடியில புதுசோட பேஸ் விழும். கேக்கறவங்களுக்கு ஏதோ மாயம் மாதிரி இருக்கும், நீங்க பண்ணது சரியான நேரத்துல ப்ளே அமுக்குனது மட்டும்தான்.

ஸ்லிப்மேட்ராசா

டெக் என்ன மாடல்? மோட்டார் நேரா சுத்துற டைரக்ட் டிரைவா, பெல்ட் வழியா சுத்துற பெல்ட் டிரைவா?

பழையக்யூ

டைரக்ட் டிரைவ்தான் அண்ணே, டெக்னிக்ஸ் 1200 எம்கே2. கூட ஒரு ரெண்டு சேனல் மிக்ஸர். ஒரு சேனல்ல இருந்து இன்னொண்ணுக்கு மாத்துற க்ராஸ்ஃபேடரை நகர்த்துனா கரகரன்னு சத்தம், நடுவுல வந்தா ஒரு சேனல் காணாமப் போகுது. லேப்டாப்ல இருக்கிற பாட்டை டெக்லயே கட்டுப்படுத்துற டைம்கோடு ரெக்கார்டும் அதுக்கான பாக்ஸும் இருக்கு, இப்ப இருக்கிற லேப்டாப்ல அதுக்கு டிரைவரே கிடைக்கல.

@நாலுக்குநாலு, பேனாவோட கேக்கற ஐடியா ரொம்ப பிடிச்சிருக்கு, இன்னைக்கே ஆரம்பிக்கிறேன்.

ஸ்லிப்மேட்ராசா

அப்போ எதையும் விக்காதீங்க, தயவு செஞ்சு. அந்த எம்கே2 1979ல வந்த டிசைன். 2010ல கம்பெனி 1200 வரிசையையே நிறுத்திட்டு, 2016ல மறுபடி கொண்டு வந்தாங்க, அவ்ளோ வருஷம் கழிச்சும் அந்த வடிவத்தை மாத்த யாருக்கும் மனசு வரல. பட்டனை அமுக்கின 0.7 செகண்டுல முழு வேகத்துக்கு வந்துடும், பெல்ட் டிரைவ்ல இதை எதிர்பார்க்க முடியாது. பத்து வருஷம் பெட்டியில இருந்தாலும் அந்த மோட்டாருக்கு ஒண்ணும் ஆகியிருக்காது.

ஆனா சிலதைப் பாத்துடுங்க. மொதல்ல ஊசி. பழைய ஊசியை நம்பி நல்ல ரெக்கார்டு மேல வைக்காதீங்க, தேஞ்ச ஊசி பள்ளத்தைச் சுரண்டும், போன சத்தம் திரும்பாது. பழைய ஷுர் கார்ட்ரிட்ஜ் வெச்சிருந்தீங்கன்னா, அவங்க 2018லயே கார்ட்ரிட்ஜ் தயாரிப்பை விடறதா அறிவிச்சுட்டாங்க, மாத்து ஊசி ஜிக்கோ மாதிரி வேற கம்பெனிகள் கிட்டதான் தேடணும். அடுத்து ஆர்சிஏ கேபிள், டெக்கோட அடியில சால்டர் பண்ணியிருக்கிற இடத்துல விட்டுப்போயிருக்கும், ஒரு பக்கம் சத்தம் வரலன்னா அதுதான். கிரவுண்ட் ஒயரை மிக்ஸர்ல மாட்டலன்னா ம்ம்ம்னு ஒரு இரைச்சல் இருந்துட்டே இருக்கும். மிக்ஸர் பின்னாடி ஃபோனோ, லைன் ஸ்விட்ச் சரியா இருக்கான்னும் பாருங்க, டெக்கை லைன்ல போட்டா சத்தம் சன்னமா, பேஸே இல்லாம வரும்.

வேகத்தை மாத்துற பிட்ச் ஃபேடரை மேலயும் கீழயும் நிறைய தடவை ஓட்டுங்க, தூசி இருந்தா ஓரளவு போகும். பூஜ்யத்துல பச்சை லைட்டு எரியற இடத்துல க்ளிக்னு நிக்கும், அதைச் சுத்தி கொஞ்ச தூரம் நகர்த்துனாலும் வேகம் மாறவே மாறாது. இது ரிப்பேர் இல்ல, அந்த மாடலே அப்படித்தான், பயந்துடாதீங்க.

கெயின்கம்மி

க்ராஸ்ஃபேடர் விஷயம் நான் சொல்றேன், சவுண்ட் வேலைதான் எனக்கு. கரகரன்னு சத்தம் வர்றது உள்ள இருக்கிற கார்பன் பாதையில அழுக்கு சேர்ந்ததால. ஃபேடருக்குன்னே விக்கிற க்ளீனர் வாங்குங்க, சாதாரண துரு எடுக்கிற ஸ்ப்ரேயை அடிச்சுடாதீங்க, அது வழவழப்பையும் சேர்த்து எடுத்துடும், சில ப்ளாஸ்டிக்கையும் கெடுக்கும். மிக்ஸர் ஆஃப்ல இருக்கணும், கொஞ்சமா அடிச்சு இருபது முப்பது தடவை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஓட்டி, நல்லா காய விட்டு அப்புறம் ஆன் பண்ணுங்க. அதுக்கப்புறமும் நடுவுல சேனல் காணாமப் போனா பாதை தேஞ்சிருக்கு, ஃபேடரையே மாத்தணும். நிறைய மிக்ஸர்ல நாலு ஸ்க்ரூ கழட்டுனா க்ராஸ்ஃபேடர் தனியா வந்துடும். நீண்ட மிக்ஸ் மட்டும் பண்ற ஆளா இருந்தா க்ராஸ்ஃபேடரை ஒதுக்கிட்டு சேனல் ஃபேடர்லயே ஓட்டலாம், ஹவுஸ் வாசிக்கிற நிறைய பேர் அதைத் தொடவே மாட்டாங்க.

டைம்கோடு பாக்ஸ் கதை எல்லார் வீட்டுலயும் இருக்கு. பாக்ஸ் போனாலும் அந்த ரெக்கார்டு வீணாகாது. அதுல பதிஞ்சிருக்கிறது ஒரு டோன்தான், அதைப் படிக்கிற சாஃப்ட்வேர் இருந்தா போதும். மிக்ஸ்எக்ஸ்எக்ஸ்னு ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் இருக்கு, இலவசம், ரெண்டு ஸ்டீரியோ இன்புட் இருக்கிற சாதாரண ஆடியோ இன்டர்ஃபேஸ் கிடைச்சா செராட்டோ கம்பெனியோட டைம்கோடு ரெக்கார்டை அது படிக்கும்.

இன்னொண்ணு, இதைத் தாண்டிப் போயிடாதீங்க. காது. ராத்திரி ஒரு மணி நேரம் ஹெட்ஃபோன்னு சொல்றீங்க. அமெரிக்காவோட பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நயோஷ் கணக்குப்படி 85 டெசிபல்ல எட்டு மணி நேரம் வரைக்கும் இருக்கலாம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94ல ஒரு மணி நேரம், 100ல வெறும் பதினஞ்சு நிமிஷம். க்யூ, அதாவது அடுத்த பாட்டை ஹெட்ஃபோன்ல முன்னாடியே, கேக்கும்போது நம்மை அறியாமலே ஹெட்ஃபோனைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திட்டே போவோம், ஸ்பீக்கர் சத்தத்தை ஜெயிக்கணும்னு. ஸ்பீக்கரைக் குறைங்க, ஹெட்ஃபோன் தானா குறையும். பழைய நாள்ல மானிட்டர் பக்கத்துல நின்னவங்களுக்கு ஏற்கெனவே ங்கீன்னு ஒரு சத்தம் காதுல இருக்கும், இருக்கிறதையாவது காப்பாத்திக்கணும். இதை நான் ரொம்ப வருத்தத்தோட சொல்றேன், கூட வேலை பார்த்தவங்க பல பேருக்கு மேல் சுருதி கேக்கறதே போயிடுச்சு.

புதுஜாக்

எல்லாரும் பழைய மெஷினைப் பத்தியே பேசறீங்க, நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணனுக்கு இருக்கிறது ராத்திரி ஒரு மணி நேரம். அதுல ஊசி மாத்தி, கேபிள் பாத்து, பீட்மேட்ச் பண்ணிட்டு இருந்தா உருவாக்கறதுக்கு எப்ப நேரம்? ஒரு சின்ன கன்ட்ரோலர், லேப்டாப், ஆன் பண்ண ரெண்டு நிமிஷத்துல மிக்ஸ் ஆரம்பம். சிங்க் போடுங்க, வெட்கப்பட ஒண்ணுமில்ல. டெம்போவை மெஷின் பாத்துக்கும், நீங்க மூணாவது டெக் திறக்கலாம், லூப் போடலாம், குரலைத் தனியா எடுத்து இன்னொரு பாட்டு மேல வைக்கலாம். நான் சிங்க்லதான் கத்துக்கிட்டேன், எனக்கு எந்தக் குறையும் தெரியல.

ஸ்லிப்மேட்ராசா

தம்பி, கோவப்படல, ஆனா ஒத்துக்க முடியல. பீட்மேட்ச் பண்ற அந்த ஒரு நிமிஷம் வீண் நேரம் இல்ல. அந்த ஒரு நிமிஷத்துலதான் வரப்போற பாட்டை நீ உண்மையிலேயே கேக்குற. ஒரு காதுல இது, இன்னொரு காதுல அது, ரெண்டையும் எடை போடுறப்பவே "வேணாம், இது இங்க சேராது"ன்னு தோணி ஊசியைத் தூக்கிடுவோம். சிங்க் போட்டா அந்தக் கேக்குற வேலையை விட்டுட்டு ஸ்க்ரீனைப் பாக்க ஆரம்பிச்சுடுவாங்க, வேவ்ஃபார்ம் ரெண்டும் வரிசையா நிக்குதா, சரி, முடிஞ்சது. கண்ணுக்குப் பொருந்துனது காதுக்கும் பொருந்தணும்னு இல்லையே.

பேஸ்அக்கா

ரெண்டு பேரும் சொல்றதுல உண்மை இருக்கு, கொஞ்சம் கணக்கு போட்டுப் பேசலாமா?

120 பிபிஎம்ல ஒரு பீட் 500 மில்லிசெகண்டு. இன்னொரு பாட்டு 120.1ல ஓடுதுன்னு வைங்க. ஒரு நிமிஷம் முடியும்போது பீட்டுல பத்துல ஒரு பங்கு விலகியிருக்கும், அதாவது 50 மில்லிசெகண்டு. கிக் ரெண்டா கேக்க இதுவே தாராளம். நீண்ட மிக்ஸ் பண்றவங்க கையில டெம்போ பிடிச்சா இந்த விலகலை விடாம காவல் காத்துட்டே இருக்கணும், அதுல ஒரு சுகம் இருக்கு, ராசா அண்ணன் சொல்றது அதைத்தான். அதே நேரம் மூணு டெக் ஓடும்போது மூணையும் காவல் காக்கறது இசை இல்ல, வெறும் உழைப்பு. அங்க சிங்க் நியாயம்.

ஆனா தம்பி, சிங்க் நம்புறது பீட் க்ரிட்டை, அதாவது பீட் எங்கெங்க விழுதுன்னு சாஃப்ட்வேர் பாட்டு மேல போடுற கோடுகளை. டிரம் மெஷின் வெச்சுப் பண்ண பாட்டுக்கு க்ரிட் கச்சிதமா உக்காரும். 70கள் டிஸ்கோ, ஃபங்க், சோல்ல ஆள் உக்காந்து டிரம்ஸ் வாசிச்சிருப்பாங்க, கோரஸ் வந்தா கொஞ்சம் வேகம் கூடும், அடங்கும்போது குறையும். சாஃப்ட்வேர் அதுக்கு ஒரே பிபிஎம் போட்டுடும், சிங்க் பண்ணி விட்டா மெஷின் பச்சை லைட்டு காட்டிட்டே இருக்கும், ஸ்பீக்கர்ல ரெண்டும் சண்டை போடும். டிரம் அண்ட் பேஸ்ல 174ஐ 87ன்னு காட்டறதும் உண்டு. அந்த நேரத்துல காப்பாத்தப் போறது காது மட்டும்தான். அதனால காதால பண்ணக் கத்துக்கோ, அப்புறம் சிங்க்கை இஷ்டப்படி பயன்படுத்து.

கண்ணால பாக்கறதைத் தப்புன்னு சொல்லவும் எனக்கு மனசு வரல ராசா அண்ணே. க்ராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் 70கள்லயே ரெக்கார்டு மேல க்ரேயான்ல கோடு போட்டு, ப்ரேக் எங்க ஆரம்பிக்குதுன்னு கடிகார முள் மாதிரி பார்த்துச் சுத்தினவரு. குறிச்ச இடத்துக்கு நேரா தாவ இன்னைக்கு நாம அமுக்குற ஹாட் க்யூ அதோட பேரப்பிள்ளைதான். கண்ணும் காதும் சேர்ந்துதான் இந்தக் கலையே வளர்ந்தது.

ஸ்லிப்மேட்ராசா

க்ரேயான் விஷயம் சரி தங்கச்சி, நானும் ஸ்டிக்கர் ஒட்டுன ஆளுதான். ஒத்துக்கறேன்.

புதுஜாக்

அக்கா 87, 174 எனக்கும் நடந்திருக்கு, அப்பல்லாம் அந்தப் பாட்டையே ஒதுக்கிடுவேன். க்ரிட்டை நம்பாம கையில பண்ணிப் பாக்கறேன் இனிமே.

பழையக்யூ

இந்தப் பேச்சைப் படிச்சுட்டு ரெண்டையும் வெச்சுக்கறதா முடிவு பண்ணியிருக்கேன். டெக் மாறாது, மிக்ஸ்எக்ஸ்எக்ஸ் போட்டு பழைய டைம்கோடு ரெக்கார்டைச் சுத்த விட்டேன், வேலை செய்யுது!! அந்தக் கறுப்புத் தட்டைப் பின்னாடி இழுத்து ஃபைல்ல இருக்கிற ஸ்னேர் முன்னும் பின்னும் போறதைக் கேட்டப்ப ரொம்ப சந்தோஷமாயிடுச்சு. ஃபேடர் க்ளீனரும் அடிச்சாச்சு, கரகர பெரும்பாலும் போயிடுச்சு.

இப்ப லைப்ரரி. பழைய ஹார்டு டிஸ்க்ல பாதி 128 கேபிபிஎஸ் எம்பி3. ஐட்யூன்ஸ் ப்ளேலிஸ்ட்லதான் எல்லாம் அடுக்கி வெச்சிருந்தேன், இப்ப அது திறக்கவே இல்ல. ஒரு பை நிறைய பர்ன் பண்ண சிடியும் இருக்கு.

நாலுக்குநாலு

சிடியை மொதல்ல பண்ணுங்க, அவசரம் அங்கதான். பர்ன் பண்ண சிடியில இருக்கிற சாயப் படலம் வருஷம் ஆக ஆக மங்கும், இன்னைக்கு ஓடுறது அடுத்த வருஷம் ஓடும்னு சொல்ல முடியாது. ஓடுறதை எல்லாம் உடனே ரிப் பண்ணி லாஸ்லெஸ்ஸா வெச்சுக்கோங்க.

ஐட்யூன்ஸ்: 2019ல மேக்ல அதை எடுத்துட்டு மியூசிக்னு வேற ஆப் வெச்சுட்டாங்க, அதை நம்பி அடுக்கினவங்க எல்லாருக்கும் இதே பிரச்சினைதான். பழைய ஃபோல்டர்ல எக்ஸ்எம்எல்னு முடியற ஒரு ஃபைல் இருக்கான்னு தேடுங்க, ப்ளேலிஸ்ட் பேரும் வரிசையும் அதுக்குள்ள எழுத்தா இருக்கும். அதைத் திறந்து எந்தப் பாட்டுக்கு அப்புறம் எந்தப் பாட்டு வெச்சிருந்தீங்கன்னு பாருங்க. பழைய செட்டோட வரிசை, உங்க ரசனையே அப்படியே எழுதி வெச்ச மாதிரி, ஃபைல் போனாலும் அது போகக் கூடாது.

128ல இருக்கிறதை பெரிய ஸ்பீக்கர்ல போட்டா ஹை-ஹேட் தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி கேக்கும். அதை 320க்கு கன்வெர்ட் பண்ணாதீங்க, போன சத்தம் திரும்ப வராது, ஃபைல் மட்டும்தான் பெருசாகும். இன்னைக்கும் பிடிச்ச பாட்டை மட்டும் பேண்ட்கேம்ப்லயோ பீட்போர்ட்லயோ திரும்ப வாங்குங்க. ஒவ்வொண்ணா காசு குடுத்து வாங்கும்போது "இது உண்மையிலேயே வேணுமா"ன்னு ஒரு கேள்வி வரும், அந்தக் கேள்வியே லைப்ரரியைச் சுத்தம் பண்ணிடும். ஸ்ட்ரீமிங்கை டிஜே சாஃப்ட்வேர்ல இணைக்கலாம், தேடிக் கேக்க அருமை, ஆனா அதுல இருந்து ப்ளே பண்ணா பல சாஃப்ட்வேர் ரெக்கார்ட் பண்ண விடாது. நெட் போனா பாட்டும் போச்சு.

இரவுமிக்ஸ்

நடுவுல வர்றேன், மன்னிக்கணும். எனக்கும் இதே நிலைதான், ஆனா ஒரு விஷயம் குழப்புது. ஆடுறதுக்கு ஆளே இல்லாம வீட்டுக்குள்ள பண்றதுல என்ன இருக்கு? டிஜேன்னாலே கூட்டத்தைப் பார்த்து அடுத்த பாட்டை முடிவு பண்றதுதானே. யாருக்காகப் பண்றோம்னு தெரியாம நான் ரெண்டு தடவை ஆரம்பிச்சு விட்டுட்டேன்.

பேஸ்அக்கா

நல்ல கேள்வி, நான் இதோட நிறைய நாள் மல்லுக்கட்டியிருக்கேன். கூட்டம் இருந்தா அவங்க உங்களை ஒரு பக்கம் தள்ளுவாங்க, அது ஒரு வகை மகிழ்ச்சி. கூட்டம் இல்லன்னா தரை காலியாகுமேங்கற பயம் இல்ல. 124ல ஆரம்பிச்சு 95க்கு இறங்கி, நடுவுல டிரம்ஸே இல்லாத நாலு நிமிஷப் பாட்டு வெச்சு, மறுபடி ஏறலாம். யாரும் போயிட மாட்டாங்க. க்ளப்ல இதைப் பண்ண எனக்குத் தைரியம் இருந்ததில்ல, வீட்டுலதான் பண்ணிப் பார்த்தேன், அங்கதான் எனக்கு எந்த மாதிரி இசை பிடிக்கும்னே தெரிஞ்சது.

ஆனா யாருக்காகன்னு ஒண்ணு வேணும், அது இல்லாம நகராது. ஒரே ஒரு ஆளை நினைச்சுக்கோங்க. தூரத்துல இருக்கிற தோழிக்கு, வண்டி ஓட்டிட்டுப் போகும்போது கேக்கற மாதிரி நாப்பது நிமிஷம். அவளுக்கு எந்தப் பாட்டு தெரியும், எதைக் கேட்டா சிரிப்பா, எந்த இடத்துல சத்தத்தைக் கூட்டி வெப்பா, அதை வெச்சு வரிசை போடுங்க. அனுப்புங்க. பதில் வரும். அந்தப் பதிலுக்காகவே அடுத்தது பண்ணத் தோணும்.

நேரம் வெச்சுக்கோங்க, எல்லை வெச்சுக்கோங்க. பத்துப் பாட்டு மட்டும், அல்லது ஒரே வருஷத்துல வந்த பாட்டு மட்டும், அல்லது குரல் இல்லாத பாட்டு மட்டும். எல்லை இருந்தாதான் கற்பனை வேலை செய்யும்.

இரவுமிக்ஸ்

அக்கா இதைப் படிச்சதும் ஒரு ஆள் முகம் வந்துடுச்சு. நன்றி.

பழையக்யூ

அக்கா சொன்னதை நானும் பிடிச்சுக்கிட்டேன். முன்னாடி என்கூட சேர்ந்து ப்ளே பண்ண நண்பன், இப்ப வேற நாட்டுல இருக்கான், அவனுக்காக ஒரு மணி நேர மிக்ஸ். வரிசை போட்டுட்டேன், பெரும்பாலும் டீப் ஹவுஸ், நடுவுல பழைய சோல் ரெண்டு. பேப்பர்ல எழுதி வெச்ச முப்பது பாட்டுல இருந்துதான் எல்லாம், இப்ப ஒவ்வொண்ணும் எங்க திரும்பும்னு தெரியுது, அந்தப் பழைய நம்பிக்கை வந்துடுச்சு.

ரெண்டு இடம் இடிக்குது. ஒண்ணு, சுருதி. ஏ மைனர் பாட்டுல இருந்து இன்னொரு ஏ மைனர் பாட்டுக்குப் போறேன், டெம்போவைச் சேர்க்க 3 சதவீதம் ஏத்தினா ரெண்டும் சேர்ந்து புளிச்சுப் போகுது. ஏன்? இன்னொண்ணு, 122ல ஓடுற ஹவுஸ்ல இருந்து 98ல இருக்கிற சோல் பாட்டுக்கு இறங்கணும். என்ன பண்ணாலும் அசிங்கமா இருக்கு. பேசாம ஸ்டெம்ஸ் (பாட்டைக் குரல், டிரம்ஸ்னு தனித்தனியா பிரிக்கிற வசதி) வெச்சு குரலை மட்டும் எடுத்துப் போடலாமான்னு யோசிக்கிறேன்.

பேஸ்அக்கா

மொதல்ல சுருதி. ரெக்கார்டு வேகம் சுமார் 6 சதவீதம் ஏறினா ஒரு அரைச்சுரம் ஏறும். 3 சதவீதம்னா அதுல பாதி, ரெண்டு சுரத்துக்கும் நடுவுல போய் நிக்கும். எந்த சுருதியோடயும் சேராத இடம் அது. டைம்கோடுல ஓட்டுறீங்கன்னா கீ லாக் (வேகம் மாறினாலும் சுருதி மாறாம வெக்கிற வசதி) போடுங்க, 3 சதவீதத்துக்கெல்லாம் சத்தம் கெடாது. நிஜ ரெக்கார்டுன்னா வேற வழி: மெலடி ரெண்டும் மேல மேல விழாத மாதிரி, ஒண்ணோட வெறும் டிரம்ஸ் பகுதியில இன்னொண்ணைச் சேருங்க. டிரம்ஸுக்கு சுருதிச் சண்டை கம்மி.

எந்தச் சுருதி எதோட சேரும்னு எண் போட்டுக் காட்டற கேமலாட் சக்கரம் தெரியும்ல, ஏ மைனர் அதுல 8ஏ. பக்கத்து எண் 7ஏ, 9ஏ, இல்லன்னா 8பி, இந்த மூணும் சுகமா சேரும். முழுசா 6 சதவீதம் ஏத்தினீங்கன்னா 8ஏ பாட்டு 3ஏ ஆயிடும், அப்ப 2ஏ, 4ஏ பக்கம் தேடணும். ஆனா எண்ணைப் பார்த்தே வரிசை போடாதீங்க, எண் பொருந்தி மனசு பொருந்தாத மிக்ஸ் எவ்வளவோ கேட்டிருக்கேன்.

122ல இருந்து 98: சேர்க்க முயற்சி பண்ணாதீங்க. அது 20 சதவீதம் இறக்கம், ஹவுஸை அவ்ளோ இழுத்தா உயிரே போயிடும். வெட்டுங்க. ஹவுஸ் பாட்டுல ப்ரேக்டவுன் வரும்போது கிக் நின்னு ஒரு கார்டு நீளமா தொங்கும்ல, அந்த ஃப்ரேஸோட கடைசி பீட்ல எக்கோ போட்டு ஃபேடரை மூடுங்க, எக்கோ தேய ஆரம்பிக்கும்போது சோல் பாட்டை குரல் எடுக்கிற இடத்துல இருந்து விடுங்க. கேக்கறவங்க மனசுல டெம்போ அந்த ரெண்டு செகண்டுல அழிஞ்சுடும்.

ஸ்டெம்ஸ் நல்ல கருவிதான், செராட்டோல 2022ல வந்ததுக்கப்புறம் நானும் நிறைய பயன்படுத்துறேன், மிக்ஸ்எக்ஸ்எக்ஸ்ல வேணும்னா தனியா ஒரு ப்ரோக்ராம்ல பிரிச்சுட்டு ஃபைலா ஏத்திக்கலாம். குரலைப் பிரிச்சா ஓரத்துல ஹை-ஹேட் கொஞ்சம் ஒட்டிட்டு வரும், கீழ இன்னொரு பாட்டு ஓடும்போது அது தெரியாது, தனியா விட்டா தெரியும். ஆனா உங்க நண்பருக்கு அந்த சோல் பாட்டு முழுசா பிடிக்கும்னா முழுசா போடுங்க. அந்த டிரம்மர் கொஞ்சம் முன்னும் பின்னும் போறதுதான் அந்தப் பாட்டே.

கெயின்கம்மி

ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி இதைப் பாத்துக்கோங்க. ரெண்டு கிக்கும் ஒரே நேரத்துல விழுந்தா லெவல் 6 டெசிபல் வரைக்கும் ஏறும், அதனால மிக்ஸ் நடக்கும்போது ஒரு பாட்டோட லோவை, அதாவது பேஸ் பகுதியைக் கட் பண்ணியே வைங்க, ஃப்ரேஸ் மாறுற முதல் பீட்ல ஒண்ணை இறக்கி இன்னொண்ணை ஏத்துங்க. ரெக்கார்டிங் மீட்டர்ல உச்சம் மைனஸ் 6 பக்கத்துல இருந்தா போதும், சிவப்புக்குப் போனா அப்புறம் சரி பண்ணவே முடியாது, கம்மியா இருந்தா பின்னாடி ஏத்திக்கலாம். பழைய சோல் பாட்டு ஹவுஸை விட சன்னமா இருக்கும், ட்ரிம்மை (சேனலுக்குள்ள வர்ற சத்தத்தோட அளவை மாத்துற குமிழ்) முன்னாடியே பாத்து எழுதி வெச்சுக்கோங்க. வேவ்ல பதிஞ்சா ஒரு மணி நேரம் 600 எம்பிக்கு மேல வரும், இடம் இருக்கான்னு பாருங்க.

பழையக்யூ

வெட்டிட்டேன் அக்கா. நீங்க சொன்ன இடத்துலயே எக்கோ போட்டு மூடி, சோல் பாட்டை குரலுக்கு அரை பார் முன்னாடி இருந்து விட்டேன், ஏன்னா பாட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அந்தம்மா ஒரு மூச்சு இழுக்கறது ரெக்கார்டுல தெளிவா கேக்குது, அதை விட மனசு வரல. எக்கோ தேய, அந்த மூச்சு, அப்புறம் குரல். இந்த மிக்ஸ்லயே எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான் இப்ப.

லெவலும் கெயின்கம்மி சொன்ன மாதிரி வெச்சு முழுசா ஒரே மூச்சுல பதிஞ்சாச்சு. நண்பனுக்கு ஃபைலா அனுப்பிட்டேன். இங்க இருக்கிறவங்களும் கேக்கணும்னு ஆசை, எங்க ஏத்தலாம்? முன்னாடி சவுண்ட்க்ளவுட்ல போட்டது எல்லாம் காப்பிரைட்னு தூக்கிட்டாங்க.

நாலுக்குநாலு

மிக்ஸ்க்ளவுட்ல ஏத்துங்க, நீண்ட மிக்ஸுக்காகவே லைசென்ஸ் வாங்கி நடத்துற இடம். பாட்டு வரிசையை அங்கயே எழுதிடுங்க, கலைஞர் பேரோட. அந்த சோல் பாட்டு என்னன்னு நான்தான் மொத ஆளா தேடப் போறேன். லிங்க் இங்கயே போடுங்க, இரவுமிக்ஸும் பண்ணி முடிச்சதும் அதே மாதிரி இங்க போடணும், சொல்லிட்டேன்.

இரவுமிக்ஸ்

எட்டுப் பாட்டு வரிசை போட்டாச்சு, மூணாவதுல இருந்து நாலாவதுக்குப் போறதுதான் இன்னும் ஒட்டல. 118ல இருந்து 126, ரெண்டுலயும் குரல். இதை எப்படி ஏத்தறது?

புதுஜாக்

நடுவுல 122 பக்கம் குரல் இல்லாத ஒரு பாட்டு வைங்க, அது ஓடும்போது மெதுவா பிட்சை ஏத்திட்டே போங்க, ஒவ்வொரு ஃப்ரேஸ்லயும் கொஞ்சம் கொஞ்சமா. சிங்க்கை ஆஃப் பண்ணிட்டு கையில பண்ணுங்க, நான் நேத்துதான் பண்ணிப் பார்த்தேன், நல்லா வருது.